மெழுகுக் கட்டியில் பல் தடம்

செயின்ட் கில்டா தீவுகள் என்றதும் எல்லாரும் ஸ்டாக் லீ பாறையின் படத்தைத்தான் போடுகிறார்கள். கடலிலிருந்து 172 மீட்டர் நிமிர்ந்த கல், கேனட் பறவைகளின் எச்சம் படிந்து சுண்ணாம்பு அடித்தது போல. அழகுதான், மறுக்கவில்லை. என்னைக் கேட்டால், எலி கரையேறிவிட்டதா என்று பல் தடம் வைத்துக் கண்டுபிடிக்க அங்கே புல்லுக்குள் ஒரு பெட்டியில் கம்பி கோத்துப் போட்டிருக்கிற சாக்லேட் மெழுகுக் கட்டியைப் படம் போட வேண்டும்.

ஸ்காட்லாந்தின் மேற்கே, அவுட்டர் ஹெப்ரிடீஸுக்கும் அப்பால் 64 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது இந்தத் தீவுக்கூட்டம். இங்கே எலி கிடையாது. சுண்டெலி உண்டு, அதுவும் இங்கே மட்டுமே உள்ள வகை: பெருநிலத்து வயல் சுண்டெலியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடை. (வீட்டுச் சுண்டெலியிலும் தனி வகை ஒன்று இருந்தது. 1930 ஆகஸ்ட் 29-இல் தீவில் வாழ்ந்த கடைசி 36 பேரும் கப்பலேறிப் போனபின் சில வருடங்களிலேயே அதன் கதை முடிந்தது. வீட்டில் ஆள் இல்லாமல் வீட்டுச் சுண்டெலி எப்படிப் பிழைக்கும்?)

எலி வந்தால் முதலில் போவது லீச் புயல்பறவை என்ற சின்னக் கடற்பறவை. எடை 45 கிராம்தான். மண்வளைக்குள் வருடத்துக்கு ஒரே முட்டை. அடைகாக்க ஆறு வாரம், குஞ்சு பறக்க அதற்குமேல் ஒன்பது பத்து வாரம். எலிக்கோ சினைக்காலமே மூன்று வாரம், ஒரு ஈற்றுக்கு எட்டுக் குட்டி சாதாரணம். ஏற்கெனவே பெரிய ஸ்கூவா என்ற கடற்பறவைகள் வேட்டையாடுவதும் சேர்ந்து, 2000-க்கும் 2019-க்கும் இடையில் இந்தப் பறவை இங்கே மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. மிச்சம் இருப்பவை அடர்ந்து கூடு வைப்பது டூன் தீவில். பெரிய தீவான ஹிர்ட்டாவுக்கும் அதற்கும் நடுவே ஐம்பது மீட்டர் தண்ணீர்தான். பழுப்பு எலிக்கு அது ஒரு நீச்சலே இல்லை.

2008 பிப்ரவரியில் ஸ்பின்னிங்டேல் என்ற மீன்பிடிக் கப்பல் ஹிர்ட்டாவின் ஊர் விரிகுடாவில் தரைதட்டியது. கப்பலில் இருந்த 14 பேரை ஹெலிகாப்டர் தூக்கிவிட்டது. அடுத்த கவலை எண்ணெய் மட்டுமல்ல, கப்பலுக்குள் எலி இருந்ததா என்பதும்தான். நல்லவேளை, எதுவும் சிக்கவில்லை.

மெழுகுக் கட்டி செய்வது சுலபம். மெழுகுவத்தி மெழுகை உருக்கிக் கோகோ தூள் கலந்து அச்சில் ஊற்ற வேண்டும், அவ்வளவே. விஷம் கிடையாது. தானியமோ பாலாடைக்கட்டியோ வைத்தால் அந்த ஈரக்காற்றில் பூஞ்சை பூத்துவிடும். மெழுகு மாதக்கணக்கில் கெடாது, பல் தடமும் அப்படியே நிற்கும். சுண்டெலியின் தடம் நூல் கீறியது போல மெலிசு. எலியினது உளியால் செதுக்கியது போல அகலம். பக்கத்தில் புழுக்கை கிடந்தால் இன்னும் தெளிவு: சுண்டெலியுடையது அரிசி நீளம்கூட இராது, எலியுடையது ஒன்றரை சென்டிமீட்டர் வரை போகும்.

தொல்லை எங்கே என்றால், ஹிர்ட்டாவின் சுண்டெலிகள் கட்டி முழுவதையும் தின்று தீர்த்துவிடும், சாட்சியும் அதோடு போய்விடும். நத்தைகளும் விடுவதில்லை. அதனால் கட்டியைக் கம்பியில் இறுக்கிக் கட்ட வேண்டும், கப்பல் வந்துபோகும் துறையருகே கூடுதலாக வைத்து, தானியங்கிக் கேமராவும் பொருத்த வேண்டும்.

'எலி வந்தால் விஷம் வைத்து ஒழித்துவிட்டால் போச்சு' என்பவர்கள் ஸ்காட்லாந்தின் கன்னா தீவையும் ஷையன்ட் தீவுகளையும் காட்டுகிறார்கள். இரண்டிலும் எலி ஒழிந்தது உண்மை. ஷையன்ட்டில் 2015-16 குளிர்காலத்தில் விஷம் வைத்து, எலி இல்லை என்று அறிவிக்க 2018 ஆனது. கன்னாவில் அந்த ஊர்ச் சுண்டெலிகளில் கொஞ்சத்தை முன்கூட்டியே பிடித்து வேறிடத்தில் வளர்த்துக் காத்தார்கள். இங்கேயும் அதைச் செய்தாக வேண்டும், ஏனென்றால் எலி தின்கிற விஷத்தைச் சுண்டெலியும் தின்னும். அதற்குமேல், விஷத்தைச் சில பத்து மீட்டருக்கு ஒன்றாகக் கட்டம் போட்டு, ஓர் இடம் விடாமல் வைக்க வேண்டும். ஹிர்ட்டாவின் கோனகேர் மலையின் 427 மீட்டர் கடற்செங்குத்தில் யார் கயிற்றில் தொங்கிக்கொண்டு கட்டம் போடுவது? ஒரு சினை எலி தப்பினால் பழையபடி முதலிலிருந்து.

வருகிறவர்களுக்கான விதிகளைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். நாயைக் கரையில் இறக்கக் கூடாது, படகை நங்கூரமிட்டுவிட்டுச் சிறு ரப்பர் படகில் வர வேண்டும். இதில் என்ன கெடுபிடி? கரையோடு கட்டிய கயிறு எலிக்குப் பாலம். கிளம்பும் துறையிலேயே பையைக் கவிழ்த்து உதறி, சாப்பாட்டை மூடியுள்ள டப்பாவில் போட்டுக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும்.