தீப்பெட்டிக்குள் இருந்த பூச்சிகள்

என் பெரியம்மாவின் கைப்பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். உள்ளே தோல் துணுக்குகளும் நூல் பிசிறுகளும். தன் தோலுக்கடியில் ஊர்ந்த பூச்சிகள் அவை என்பார். நான் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கிவந்து, “நீங்களே பாருங்கள் பெரியம்மா, இது வெறும் நூல்” என்று மணிக்கணக்கில் வாதாடினேன். பூச்சிமருந்து அடித்தோம், மெத்தையை மாற்றினோம், தோல் மருத்துவரிடம் காட்டினோம். கடைசியில் நானும் அவருக்கு எதிராளி ஆனேன்.

அதே நாட்களில் அவர் வரவு செலவைப் பிசகாமல் எழுதினார். பேத்திக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதனால்தான் பிடிவாதம் என்று நினைத்தோம். அந்த ஒரு நம்பிக்கையையும் அது இழுத்துவருவதையும் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் சீராக இருப்பதுதான் பிறழ்நம்பிக்கை நோயின் (எந்தச் சான்றுக்கும் அசையாத பொய்யான நம்பிக்கை) இயல்பு என்பது எங்களுக்குத் தெரியாது. சிலருக்கு அது ‘என்னைக் கொல்லச் சதி நடக்கிறது’ என்று வரும். சிலருக்குத் துணையின் மீது சந்தேகமாக வரும். (இந்தச் சந்தேகம் வன்முறையாக மாறக்கூடும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துணையின் பாதுகாப்பை.)

ஸ்வீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் 1938இலேயே இந்தப் பூச்சி நம்பிக்கையை விரிவாக எழுதியிருக்கிறார். ‘தீப்பெட்டி அறிகுறி’ என்று மருத்துவத்தில் ஒரு பெயரே உண்டு. அதைப் படித்த இரவு அழுதேன். ஒருவரையொருவர் அறியாத எத்தனையோ பேர் இதே பெட்டியோடு மருத்துவர் வாசலில் நின்றிருக்கிறார்கள்!

என் தம்பியின் கதை வேறு. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவான். “இதில் பயப்பட என்ன இருக்கிறது?” என்று கேட்காதவர் இல்லை. ஒன்றுமில்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் உடல் கேட்பதில்லை, அதுதான் ஃபோபியா. ரத்த அச்சத்தில் ரத்த அழுத்தம் சற்றே ஏறிச் சட்டென்று சரிகிறது, அதனால்தான் மயக்கம். கை, கால், வயிற்றுத் தசைகளைச் சில நொடிகள் இறுக்கித் தளர்த்தும் பயிற்சி அவனை நிற்க வைத்தது. ரத்தப் பரிசோதனைக்கு இப்போது தனியாகப் போய்வருகிறான்.

விளையாட்டு என்று சொல்லி, அஞ்சுகிறவர் முகத்துக்கு நேரே பல்லியைக் கொண்டுபோகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற குழந்தையின் பயத்தைப் போக்கியதை எழுதினார். அவன் விரும்பியதைச் சாப்பிடும்போது, அவன் பொறுத்துக்கொண்ட தூரம் வரைதான் முயல் நெருங்கியது. வேகம் குழந்தையுடையது.

தெரிந்தவனுக்குத் தெரிந்ததையே சொன்னோம். எந்தச் சான்றும் அசைக்காத இடத்தில் சான்றுகளை அடுக்கினோம். இரண்டு பேரையும் நாங்கள் தனியாக விட்டுவிட்டோம்.

பெரியம்மாவைப் பார்த்த மனநல மருத்துவர் பூச்சி உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “எத்தனை நாளாகத் தூங்கவில்லை அம்மா?” என்று கேட்டார். அதுவரை எங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. பெரியம்மா ஒரு மணி நேரம் பேசினார். தோல் நோய், சத்துக்குறைவு எதுவும் காரணமில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே அவர் மருந்து எழுதினார்; அது எதற்கு என்பதையும் மறைக்காமல் சொன்னார். குறைந்த அளவுதான். சில மாதங்களில் ஊர்தல் அடங்கியது.

‘நான் தவறாக நினைத்துவிட்டேன்’ என்று பெரியம்மா இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. தீப்பெட்டி இன்னும் கைப்பையில்தான் இருக்கிறது. அவர் அதைத் திறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது.