கட்ட மானியம் உண்டு, பழுது பார்க்க?
'ஆரம்பத்தில் அரசு பணம் போட்டால் போதும், மீதியை ஊர்க்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்' என்கிறது ஊர்த் திட்டங்கள் பற்றிய இந்தக் கட்டுரை. நீலகிரியில் பந்தலூர் பக்கம் வந்து எங்கள் சாண எரிவாயுக் கலனைப் பாருங்கள். 2 கன மீட்டர் கலன், தினம் 50 கிலோ சாணி கரைத்து ஊற்ற வேண்டும். மூன்று வருஷம் அடுப்பு நன்றாகத்தான் எரிந்தது (மார்கழிக் குளிரில் மட்டும் கொஞ்சம் மந்தம்). அப்புறம் மேலே குழாய் ஏறுகிற இடத்தில் மயிரிழை விரிசல். சோப்பு நுரை தடவினால் குமிழ் குமிழாக வருகிறது. கட்டின கொத்தனார் போனை எடுப்பதில்லை. அலுவலகத்தில் கேட்டால் கட்டத்தான் நிதி, பழுதுக்கு இல்லையாம். கசிவது மீத்தேன், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும். இதற்கு விறகடுப்பே தேவலை என்று ஆகிவிட்டது. எனக்கு முன்னால் கருத்து எழுதிய ஒருவர் 'ஓசியில் கொடுத்தால் இப்படித்தான்' என்று எழுதியிருக்கிறார். ஓசி இல்லைங்க, பாதிக்கு மேல் எங்கள் கைக்காசு. அதற்காக வீட்டம்மா வளையல் அடகுக்குப் போனது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், வயநாட்டு மீனங்காடியில் மர வங்கித் திட்டத்தை வேறு மாதிரி போட்டார்கள். மரம் வளர்ப்பவருக்கு ஒரு மரத்துக்கு வருஷம் 50 ரூபாய் வட்டியில்லாக் கடன், 10 வருஷத்துக்கு. மரத்தை வெட்டினால்தான் திருப்பிக் கட்ட வேண்டும். 50 ரூபாய் ஒரு பெரிய காசா? இல்லைதான். ஆனால் மரம் நிற்கிற வரைக்கும் அதன் பேரில் ஒரு கணக்கு ஓடுகிறது. எங்கள் கலன் மேல் இப்போது கோழி அடைகாக்கிறது.