நான்காம் வேற்றுமை பிசகினால் நிலம் திரும்பிக்கொள்ளும்

சட்டக் கல்லூரியில் சாட்சியச் சட்டம் நடத்துகிறவர்கள் முதல் வாரமே பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணத்தை எடுத்து மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்பேன். பக்தி ஒருபுறம் இருக்கட்டும். ஓர் ஆவணத்தை எப்படி நிரூபிப்பது என்று அதில் படிப்படியாக இருக்கிறது.

கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து மாப்பிள்ளை சுந்தரரைத் தன் அடிமை என்கிறார், சுந்தரரின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. "ஆட்சியில் ஆவணத்தில் அன்றிமற்று அயலார் தங்கள் காட்சியில் மூன்றில் ஒன்று காட்டுவாய்" என்கிறது சபை. நடந்துவரும் அனுபவம், எழுத்து, கண்டவர் வாக்கு. இன்றைக்குச் சொத்து வழக்கு நடத்தும் வக்கீலும் கட்சிக்காரரிடம் முதலில் கேட்பது இந்த மூன்றைத்தான். கிழவர் சளைக்கவில்லை: கிழிபட்டது படியோலை, மூலவோலை பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

அதன்பிறகு சேக்கிழார் எதையும் தாண்டிப் போவதில்லை. கரணத்தான், அதாவது சபையின் கணக்கன், சுருளைப் பிரிக்கிறான். 'தொன்மை நோக்கி', அதாவது ஓலையின் பழமையைப் பார்த்த பிறகுதான், சபையோர் கேட்க வாசிக்கிறான். சாட்சிகளின் எழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். கடைசியாக, பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைப் பாதுகாப்பிலிருந்து வரவழைத்து இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது, தீர்ப்பு வருகிறது. 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது இந்த ஒப்பீட்டைத்தான். 2024 ஜூலை முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தும் அந்த விதி அப்படியேதான் இருக்கிறது.

அந்த ஓலை வாசகத்தைப் பாருங்கள். "யானும் என்பால் வருமுறை மரபுளோரும்" என்பது இன்றைய பத்திரத்தில் வரும் "நானும் என் வாரிசுகளும்". "இதற்கு இவை என் எழுத்து" என்ற முடிவு அப்படியே கல்வெட்டுகளில் கையொப்பமிடும் முறை. சேக்கிழார் சோழர் ஆட்சியில் அமைச்சராக இருந்தவர் என்பது மரபு. ஆவணங்களோடு புழங்கிய கை என்பது பாட்டிலேயே தெரிகிறது.

நிலம் விற்ற கல்வெட்டுகளின் தமிழ் இன்னும் அழகு. "மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்", "உடும்போடி ஆமை தவழ்ந்ததெல்லாம்" என்று வரும். கேட்கக் கவிதை போல இருக்கும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் வேலை செய்கிறது. மரமும் கிணறும் விற்பனையில் சேர்ந்ததா என்ற தகராறு முதல் தொடரிலேயே தீர்ந்தது. உடும்பு ஓடும் மேடும் ஆமை தவழும் ஈரநிலமும் ஒன்று விடாமல் அடங்கின.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது எல்லை எழுதிய முறை. "கீழ்பாற்கெல்லை இன்ன வாய்க்காலுக்கு மேற்கும்" என்று எழுதினார்கள். கிழக்கு எல்லை என்றும் சொல்லி, அந்த வாய்க்காலுக்கு நம் நிலம் மேற்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுவது. இரட்டைப் பூட்டு. பின்னாளில் பத்திரங்கள் முதல் பாதியை விட்டுவிட்டன. "முருகன் நிலத்துக்குத் தெற்கு" என்று மட்டும் இருக்கும். முருகன் நிலம் வடக்கே இருக்கிறது என்று பொருள். இதைப் பார்த்துப் புதுப் பத்திரம் தட்டச்சு செய்கிறவர் "தெற்கில் முருகன் நிலம்" என்று மாற்றினால் போயிற்று: 'நிலத்துக்கு' என்ற நான்காம் வேற்றுமை போய் 'தெற்கில்' என்ற ஏழாம் வேற்றுமை வந்து, நிலம் தலைகீழாகத் திரும்பிவிடும். அளவும் எல்லையும் முரண்பட்டால், எல்லை தெளிவாக இருக்கும்போது நீதிமன்றம் பொதுவாக எல்லையைத்தான் பிடிக்கும் என்பதால் இது சின்ன எழுத்துப்பிழை இல்லை. சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் வேண்டும், அதில் விற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இறந்துபோயிருந்தால் வாரிசுகள் அத்தனை பேரையும் தேட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் வழக்குதான்.

காலம் காட்டும் சொல்லிலும் இதே ஆபத்து. மேலே 'தானசெட்டில்மெண்ட்' என்று தலைப்பு இருக்கும். உள்ளே "என் ஆயுளுக்குப் பிறகு நீ அடைந்துகொள்ள வேண்டியது" என்று எழுதியிருப்பார்கள். நீதிமன்றம் தலைப்பைப் பார்க்காது, உள்ளே சொத்து எப்போது கைமாறுகிறது என்றுதான் பார்க்கும். இறந்த பிறகுதான் என்றால் அது உயில், எழுதியவர் மனம் மாறினால் உயிரோடு இருக்கும்வரை ரத்து செய்யலாம். "இன்றே உனக்குக் கொடுத்துவிட்டேன், என் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை மட்டும் எனக்கு" என்றிருந்தால் அது செட்டில்மெண்ட், பிறகு தன்னிஷ்டத்துக்கு ரத்து செய்வது பொதுவாக நடக்காது. வயதான பெற்றோருக்கு இந்த ஒரு வரியில்தான் வீடு நிற்கிறது. அதை யாரும் அவர்களுக்கு விளக்குவதில்லை என்பது என்னை உண்மையாகவே வருத்துகிறது.

"தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்ற பழைய வரியைப் பலர் மந்திரம் போலப் பயந்து வைத்திருக்கிறார்கள். தானம், பரிவர்த்தனை, விற்பனை செய்யலாம், மகன் பேரன் வழியாக அனுபவிக்கலாம் என்பதே அதன் பொருள். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, வேறு எண்ணம் தெரியாதவரை விற்றவருக்கு இருந்த உரிமை முழுவதும் போய்ச் சேரும். ஆகவே அந்த வரி இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது. "நீங்களும் உங்கள் வாரிசுகளும் விற்கவும் அடமானம் வைக்கவும் கொடுக்கவும் முழு உரிமையுடன்" என்று எழுதினால் மகளுக்கும் புரியும்.

தமிழ்த் துறைகள் பத்திரத் தமிழைப் பாடமாக வைக்க வேண்டும். இலக்கணம் படித்தவர் சட்டத்தைத் தொடாமலும், சட்டம் படித்தவர் இலக்கணத்தைத் தொடாமலும் இருப்பதால், பழைய பத்திரத்தை வெட்டி ஒட்டுகிறவர் கையில் இந்த மொழி கிடக்கிறது.

அதுவரை, கையெழுத்துப் போடும் முன் ஒருவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், கரணத்தான் வாசித்தது போல. சர்வே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கெல்லையை விரலால் தொட்டுக் கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர் என்று எழுதியிருப்பவர் இன்றும் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்தானா என்று பாருங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதிக்கொடுப்பவர் சுருக்கொப்பம் இட வேண்டும். காலியிடம் இருந்தால் கோடு இழுத்து மூடச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.