கண்மாய் எந்தத் துறையில் வருகிறது?

போன மாதம் என் மாணவி ஒருத்தி கண் கலங்க வந்து நின்றாள். பொருளாதாரம் படிக்கிறவள். மேலூர்ப் பக்கம் இருக்கும் தன் ஊர்க் கண்மாயைப் பற்றித் திட்டப்பணி செய்ய ஆசை. நெறியாளராக எங்கள் துறையில் ஒருவர், தாவரவியலில் ஒருவர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். "இது எந்தத் துறையில வருது? மார்க்கை யாரு போடுறது?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிவிட்டார்கள்.

எனக்கு மனசு ஆறவில்லை. நீடித்த வளர்ச்சிக்கு 1987-இல் ஐ.நா. ஆணையத்தின் பிரண்ட்லாண்ட் அறிக்கை கொடுத்த விளக்கத்தையும், 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 இலக்குகளையும் எல்லாத் துறையிலும் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவரவர் அறைக்குள்ளேயே.

சரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு அந்தக் கண்மாய்க்கே போனேன். உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பு முழுக்கச் சீமைக்கருவேலம். வண்டலோடு சேர்த்து அதையும் தோண்டி எடுத்தால் தண்ணீர் கூடுதலாக நிற்கும் என்பது பொறியாளர் கணக்கு. வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும், ஆடுமாடு காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பும் என்பதைத் தாவரவியல்காரர்தான் சொல்ல முடியும். அவள் பெரியம்மாவோ அந்த விறகை மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுத்தான் குடும்பம் நடத்துகிறார். மரம் போனால் அவருக்கு என்ன வழி? இது பொருளாதாரம்.

அப்புறம் கலுங்கு, கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம். வரிசையாக நட்ட கற்கள். இடையில் பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் நீர்மட்டம் ஏறும். "அடைச்சா மேல்காட்டு வயல் முங்கும், மறுகால் போகாம கீழக் கண்மாய்க்காரன் சண்டைக்கு வருவான். ஊரு கூடிப் பேசித்தான் கல்லுல கை வைப்போம்" என்றார் நீர்ப்பாய்ச்சித் தாத்தா. பொறியியலும் சமூகவியலும் அந்தக் கல்லிடுக்கில் ஒன்றாக இருக்கின்றன.

அதே மேலூர் வட்டாரத்தில்தான் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024-இல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது மக்கள் வல்லூறு, சுனை, சமணர் படுகை, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டு, நெல் வயல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வயலில் நிற்பவருக்கு இயல்பாக வரும் பேச்சு அது. பட்டம் வாங்கும் பிள்ளைக்கு அதைப் பேச இடம் இல்லையென்றால் தவறு எங்களுடையது.

அடுத்த பாடத்திட்டக் குழுவில் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: திட்டப்பணித் தாளில் இரண்டு நெறியாளர் கையெழுத்துக்கு இடம் விடுங்கள். மதிப்பெண்ணைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொள்ளலாம். வேறு கல்லூரிகளில் இதற்கு வழி கண்டவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். மழைக்கு முன்னால் அவள் வேலையைத் தொடங்கியாக வேண்டும்.