அரிய பிரதி என்பதற்காக மட்டுமா?
மானம் போன கதைகளைச் சொல்லும் மௌனப் படங்களைச் சேகரிப்பாளர்கள் தேடுவது அவை அரியவை என்பதால்தான் என்கிறது கட்டுரை. அப்படியானால் ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ‘கடைசி மனிதன்’ (1924)? எளிதில் கிடைக்கிற படம்தான். என்னிடமே இரண்டு பதிப்புகள் இருக்கின்றன. ஜெர்மனிக்கு, அமெரிக்காவுக்கு, பிற நாடுகளுக்கு என்று மூன்று நெகட்டிவ்கள் (பிரதிகள் எடுக்க உதவும் மூலச் சுருள்கள்) தயாரித்ததால், ஒரே காட்சி பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறும். ஓட்டல் வாயிற்காவலரான கிழவரைக் கழிப்பறை வேலைக்குத் தள்ளி, சீருடையைக் கழற்றும்போது ஒரு பொத்தான் அறுந்து விழுகிறதே, அந்த இடத்தில்தான் கிழவராக நடித்த எமில் யானிங்ஸின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் இந்தப் படத்தின் மகிழ்ச்சியான முடிவைத் திட்டியிருக்கிறார். அந்த முடிவு வருவதற்கு முன்பே, கதை உண்மையில் இங்கேயே முடிந்திருக்க வேண்டும் என்று படமே எழுத்தட்டை (திரையில் காட்டும் வாசகம்) போட்டு ஒப்புக்கொள்கிறது. அதற்குமேல் என்ன எதிர்பார்க்கிறார்?