தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்காத கடைகள்

வாஷிங் மெஷின் வாங்கப் போனால் கடையில் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். குடும்பத்தில் எத்தனை பேர், ரொக்கமா தவணையா, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுக்கிறீர்களா, கூடுதல் வாரண்டி போட்டுவிடலாமா. உங்கள் வீட்டில் தண்ணீர் எப்படி வருகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, காசிமேடு என்று வடசென்னை முகவரி எழுதுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

எங்கள் தெருவில் தெருக்குழாய்த் தண்ணீர் தரைக்கு அடியில் உள்ள சம்ப் தொட்டியில் விழும். மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். அடிபம்பில் அடித்துக் குடம் குடமாக மாடிப்படி ஏறுகிற குடும்பங்கள் இன்றும் உண்டு. கோடை முற்றினால் லாரியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டும். மாடித் தொட்டி என்றால் உயரமான மேடையில் நிற்கிற தொட்டி என்று எண்ணிவிட வேண்டாம். குளியலறைக் கூரையின் மேலேயே நான்கு செங்கல் அடுக்கி உட்கார வைத்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்கு, துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார், அத்தையின் முட்டிவலியைப் பார்த்து மனம் பொறுக்காமல், முன்பக்கம் கதவு வைத்த முழு தானியங்கி மெஷின் ஒன்றை எடுத்துத் தந்தார். நல்ல மெஷின்தான். பொத்தானை அழுத்தியதும் விளக்குகள் எரிந்தன, ஒரு இனிய மணி ஒலித்தது, பிறகு அப்படியே நின்றது. திரையில் ஏதோ எழுத்தும் எண்ணும் வந்தன. துணியைப் போட்டுவிட்டு அத்தை அதன் முன்னால் மணையில் உட்கார்ந்திருந்தார். குழாயைத் திறந்து பார்த்தால் தண்ணீர் வருகிறது. மெஷினோ தண்ணீர் இல்லை என்கிறது.

பார்க்க வந்த மெக்கானிக் நேர்மையான பையன். பின்பக்கக் குழாயைக் கழற்றிக் காட்டியே விளக்கினான். தண்ணீர் உள்ளே போகிற இடத்தில் ஒரு வால்வு இருக்கிறது. மின்சாரம் அதில் சிறிய துளை ஒன்றைத்தான் திறக்கும். உள்ளே இருக்கிற ரப்பர் தகட்டை மேலே தூக்கி முழு வழியையும் திறந்துவிடுவது தண்ணீரின் அழுத்தமே. அழுத்தம் போதாவிட்டால் வழி சரியாகத் திறக்காது, சொட்டுச் சொட்டாக இறங்கும். குறித்த நேரத்துக்குள் டிரம் நிறையாததால் மெஷின் நின்றுவிடும். இது பழுதே இல்லை, அதன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது என்றான்.

கணக்கும் எளிதுதான். தண்ணீரின் அழுத்தத்தைப் பார் என்ற அளவில் சொல்வார்கள். 1 பார் அழுத்தம் வேண்டுமென்றால் தண்ணீர் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். மாடலுக்கு மாடல் வேறுபட்டாலும் பலவற்றின் கையேட்டில் 0.3 பார், 0.5 பார் என்று கேட்டிருக்கிறார்கள். அதாவது குழாய்க்கு மேலே 3 மீட்டர் முதல் 5 மீட்டர் வரை உயரத்தில் தொட்டி இருக்க வேண்டும். எங்கள் தொட்டிக்கும் மெஷின் குழாய்க்கும் நடுவே ஓர் ஆள் உயரம்தான். தனியாக ஒரு பிரஷர் பம்ப் வாங்கி மாட்டிய பிறகே அது ஓடியது. அந்தப் பம்புக்கான செலவைக் கடையில் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. கேட்கப் போனபோது, வீட்டு வசதிக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். வீட்டு வசதியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் விற்றவர்கள் சொல்கிற பேச்சா இது?

துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக் மெஷினை இந்தக் கடைகளில் ஒரு மூலையில் தள்ளி வைத்திருப்பார்கள். வசதி குறைந்தவர்கள் வாங்குவது என்கிற தோரணையில்தான் காட்டுவார்கள். எனக்கு அதைக் கண்டால் மரியாதை. பக்கெட்டில் மொண்டு ஊற்றினாலும் துவைக்கும். வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அடுத்து வண்ணத் துணியைப் போடலாம், அதற்கடுத்து மிதியடியைப் போடலாம், கடைசியில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம். தண்ணீரை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான மெஷின் கிடையாது. துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஆள் வேண்டும் என்பது உண்மை. முட்டிவலி உள்ளவருக்கு அது சிரமம்தான். ஆனால் எது சிரமம், எது சிக்கனம் என்று இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை எங்களிடம் விட்டிருக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் சுத்திகரிப்புக் கருவி விற்க வந்தவரைச் சொல்லாமல் விட முடியாது. இவர்களிடம் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இவர்கள் விற்பது பயத்தை.

சமையலறை மேடையில் இரண்டு கண்ணாடி டம்ளர்களை வைத்தார். ஒன்றில் எங்கள் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர். இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், அதாவது நுண்சவ்வு வழியாக அழுத்தி உப்பை நீக்கிய தண்ணீர். மின்கம்பிகள் தொங்கும் சிறிய கருவியை இரண்டிலும் இறக்கிச் சுவிட்சைப் போட்டார். சிறிது நேரத்தில் எங்கள் டம்ளரில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு திரண்டு மிதந்தது. அவருடைய டம்ளர் பளிங்கு போல அப்படியே இருந்தது. இதைத்தான் அம்மா நீங்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். உங்கள் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுங்கள் மாமா என்றாள். அவர் மறுத்தார், அவள் விடவில்லை. போட்டார்கள். பளிங்கும் சேறாகியது. விஷயம் இதுதான்: அந்தக் கருவியில் தொங்குவது இரும்புக் கம்பி. தண்ணீரில் தாது உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் பாய்வதில்லை, அதனால் ஒன்றும் ஆவதில்லை. மிதந்த சேறு அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. பள்ளி வேதியியல் புத்தகத்தில் மின்னாற்பகுப்பு என்ற பாடத்தில் இருப்பதை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கிழவிகளை மிரட்டுகிறார்கள்.

ஆர்.ஓ. யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. போர்வெல் தண்ணீரையே குடிக்க வேண்டிய வீடுகளுக்கு அது தேவைதான். குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கருவி கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் அரசுக்கு உத்தரவிட்டது. கரைந்துள்ள உப்பை அளந்து பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர் பேனா அளவில் மலிவாகக் கிடைக்கிறது. ஏரித் தண்ணீர் வருகிற நாளில் ஒன்று, போர்வெல் தண்ணீர் கலந்து வருகிற நாளில் ஒன்று என்று அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் வடிகட்டிக் கொதிக்க வைப்பதோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு குடம் குடிநீருக்கு அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகிற கருவியை, லாரிக்குக் குடம் வரிசை போடுகிற தெருவில் கூசாமல் விற்கிறார்கள்.

அடுத்தது உப்புக்காற்று. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் சன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஏசியின் வெளிப்பெட்டி மட்டும் அதற்கு விதிவிலக்கா? அதில் மெல்லிய அலுமினியத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. உப்பு படிந்து ஈரம் பட்டால் அவை பொரிந்து போகும். கேஸ் ஓடும் குழாய்ச் சுருளிலும் அரிப்பால் ஓட்டை விழும். பிறகு மெக்கானிக் வந்து கேஸ் போய்விட்டது என்பார். நிரப்பிய கேஸ் அடுத்த கோடைக்குள் மறுபடி போகும். பல நிறுவனங்களின் வாரண்டி நிபந்தனையில் கடற்காற்றால் வரும் அரிப்புக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். செம்புச் சுருளா, அலுமினியச் சுருளா, அரிப்பைத் தடுக்கும் பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு என்றால் ஓட்டை விழுந்த இடத்தைப் பற்றவைக்க நம் பகுதி மெக்கானிக்குக் கைவரும். வெளிப்பெட்டியை அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவிவிடுவதும் பயன் தரும்.

மின்விசிறி விஷயத்தில் எனக்கே இரண்டு மனம். சாதாரண விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், மின்னணுப் போர்டால் ஓடும் புதிய பி.எல்.டி.சி. விசிறி 30 வாட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஒரு விசிறிக்கு 54 யூனிட் எங்கே, 22 யூனிட் எங்கே. மூன்று விசிறி உள்ள வீட்டில் மிச்சம் 100 யூனிட்டை நெருங்கும். 2016-இல் எல்லா வீடுகளுக்கும் இலவசமாக அரசு தரத் தொடங்கியதே 100 யூனிட்தான். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகை விலையும் போய்விடுகிறது. ஆகவே லாபம் உண்மையானது. ஆனால் பழைய விசிறி மெதுவாகச் சுற்றினால் தெருமுனை எலெக்ட்ரீஷியன் ஒரு கண்டென்சரை மாற்றி அரை மணியில் ஓட வைப்பார். புதியதில் போர்டு போனால் அந்த நிறுவனத்தின் போர்டு வந்தாக வேண்டும். அதுவரை வியர்வையில் படுக்க வேண்டும். எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்களை வைத்துச் சாம்பலைச் சுவாசித்த பகுதி இது. இங்கேயே மே மாத இரவில் வோல்டேஜ் இறங்கி விசிறி தள்ளாடுகிறது. இறங்கிய வோல்டேஜ் திடீரென்று எகிறுவதும் போர்டுகள் போவதற்கு ஒரு காரணம்.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் ரேஷன் அட்டைக்குக் கிடைத்த கிரைண்டரில்தான் அத்தை இன்றும் மாவு அரைக்கிறார். பெல்ட் மாற்றியிருக்கிறோம், சுவிட்ச் மாற்றியிருக்கிறோம். மிக்ஸிக்குக் கார்பன் மாற்றியிருக்கிறோம். எல்லாம் நடந்து போகிற தூரத்தில் கிடைத்தன. அது உயர்ந்த தரமான பொருள் என்று சொல்ல வரவில்லை. திறந்து பார்க்க முடிகிறது, உதிரிப் பாகம் கிடைக்கிறது, சரிசெய்யத் தெரிந்த ஆள் தெருவில் இருக்கிறார். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு 2022 டிசம்பர் 24-இல் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்லது. ஆனால் நிறுவனத்தின் சேவை மையத்து எண்ணைத் தேடித் தருவதோடு அந்த உரிமை முடிந்துவிடக் கூடாது. உதிரிப் பாகம் எங்கள் தெரு மெக்கானிக் கைக்கும் வர வேண்டும்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மெஷினுக்கு எத்தனை மீட்டர் உயரத்தில் தண்ணீர் வேண்டும், எந்த வோல்டேஜ் வரை தாங்கும், சுருள் எந்த உலோகம், கடற்காற்றுக்கு வாரண்டி உண்டா இல்லையா என்று பெட்டியின் மேல் தமிழில் நான்கு வரி. இப்படித் தமிழில் எழுதுவது இப்போதுள்ள சட்டத்தில் கட்டாயமில்லை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளில், விலை, தயாரிப்பாளர் முகவரி போன்ற கட்டாயத் தகவல்களே தேவநாகரி இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்றுதான் இருக்கிறது. வேறு மொழி விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பொருளை விற்று தமிழர்களிடம் காசு வாங்குகிறவர்களுக்குத் தமிழ் ஒரு விருப்பப் பாடமாக இருப்பதை நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

அதுவரை நாம்தான் கேட்க வேண்டும். கடைக்குப் போகும் முன் தொட்டியின் அடியிலிருந்து மெஷின் வைக்கப்போகும் குழாய் வரை உயரத்தை அளந்துகொள்ளுங்கள். விற்பனையாளர் வாயால் சொல்வதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடங்கள். ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. பில், வாரண்டி அட்டை, மெக்கானிக் எழுதித் தந்த சீட்டு மூன்றையும் போட்டோ எடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். பில்லில் மாடல் எண் முழுதாக இருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன்பே பாருங்கள்.