கலங்கரை விளக்கம் எத்தனை என்று தெரியாதவர்கள் ஏன் புதையல் வேட்டை நடத்துகிறார்கள்?

ஆகஸ்ட் 22 நெருங்கினால் போதும், சென்னையில் எல்லோருக்கும் ஊர்ப்பாசம் பொங்கிவிடும். பாரம்பரிய நடை, பழைய புகைப்படக் கண்காட்சி, வினாடி வினா. நடக்கட்டும், நல்லதுதான். எஸ். முத்தையா போன்றவர்கள் 2004-ல் சென்னை தினத்தைத் தொடங்கியதால்தான் இந்த ஊருக்கும் வரலாறு உண்டு என்று பலருக்கு உறைத்தது. என் வயிற்றெரிச்சல் அதன் மேல் இல்லை. அந்தச் சாக்கில், 'நகரப் புதையல் வேட்டை' என்று ஒரு செயலியைத் தயார் செய்து, ஆளுக்கு அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாரிமுனையில் ஓடவிடுகிறார்கள் பாருங்கள், அவர்கள் மேல்.

என்னோடு ஓடியவள் கல்பனா. கல்லூரியிலிருந்து தோழி. பிறந்து வளர்ந்தது தம்பு செட்டித் தெரு. அவளுடைய தாத்தா கோடவுன் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அவளோடு ஜார்ஜ் டவுனில் நடந்தால் பத்து அடிக்கு ஒரு கதை வரும். காளிகாம்பாள் கோயிலைத் தாண்டினால் 1677-ல் சிவாஜி வந்து கும்பிட்டுப் போனதைச் சொல்லாமல் நகர மாட்டாள். இவள் கூட இருக்கும்போது எவன் நம்மை ஜெயிப்பான் என்று தெம்பாகத்தான் பெயர் கொடுத்தேன். கொடுமை என்னவென்றால், அவளுக்குத் தெரிந்ததெல்லாம்தான் எங்களைக் கவிழ்த்தது.

ஒரு மணிக்குத் தொடக்கம் என்றார்கள். தீவுத்திடல் பக்கம் பந்தல் போட்டு, காது கிழிகிற பாட்டு. முதலில் ஜும்பா. ஓடப் போகிறவர்களுக்கு எதற்கு ஜும்பா? அப்புறம் விளம்பரதாரர் பேசினார். அவருடைய மனைவிக்குப் பூங்கொத்து. அப்புறம் எல்லோரும் டீஷர்ட் போட்டுக்கொண்டு ட்ரோனைப் பார்த்துக் கையாட்ட வேண்டும். ட்ரோன் கிளம்பவில்லை. மறுபடியும் கையாட்ட வேண்டும். கொடி அசைத்தபோது இரண்டேகாலைத் தாண்டிவிட்டது. இந்தத் தாமதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

முதல் குறிப்பு சுலபம். குதிரை மேல் இருப்பான், கால் வைக்க வளையம் இருக்காது. மன்றோ சிலை. அந்தக் காலத்து சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் குதிரைக்கு அங்கவடி கிடையாது என்பது சென்னையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சரி, பார்த்தாயிற்று, எழுதிவிட்டு நகரலாம் என்றால் முடியாது. சிலைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எம்பிக் குதிக்கிற மாதிரி படம் வேண்டுமாம். அந்தச் சிலை எங்கே நிற்கிறது? நடுரோட்டில். நாலு பக்கமும் வண்டிகள் பறக்கிற இடத்தில். இரண்டு பேரும் படத்தில் இருக்க வேண்டும் என்றால் மூன்றாவது ஆள் வேண்டும். நடுரோட்டில் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? எங்களுக்கு முன்னால் ஏழெட்டு அணிகள் அங்கே தவளை மாதிரிக் குதித்துக்கொண்டிருக்க, போக்குவரத்துக் காவலர் ஓடிவந்தார். "ஏம்மா, உசுரு மேல ஆசையே இல்லியா? வீட்ல புள்ளைங்க இருக்குதா இல்லியா?" என்று கேட்டார். அந்த நாள் முழுக்க நான் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

அடுத்தது ஆர்மீனியன் தேவாலயம். மணிக்கூண்டில் எத்தனை மணிகள் என்று கேள்வி. வேர்க்க விறுவிறுக்க ஆர்மீனியன் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால் கதவு சாத்தியிருக்கிறது. அது காலையில் திறந்து மத்தியானத்தோடு மூடுகிற இடம். சொன்ன நேரத்துக்குக் கிளப்பிவிட்டிருந்தால் திறந்திருக்கும்போதே போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் பாருங்கள், விடையைப் போட உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை. கூகுளில் தேடி ஆறு என்று தட்டினால் மதிப்பெண். பக்கத்தில் ஒரு பையன் ஆட்டோவை விட்டு இறங்காமலே தட்டிவிட்டுப் போனான். நடந்தோ பேருந்திலோதான் வர வேண்டும் என்று விதி வேறு.

கல்பனாவுக்கு அங்கேதான் முதல் கோபம் வந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு கல்லறை இருக்கிறது. ஷ்மாவோனியன் என்ற பாதிரியார். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-ல் இந்தச் சென்னையில் அச்சடித்து வெளியிட்டவர். எங்கேயோ இருக்கிற ஒரு நாட்டின் பத்திரிகை வரலாறு நம்ம பாரிமுனையில் தொடங்கியிருக்கிறது, அதைக் கேட்காமல் மணி எத்தனை, ஜன்னல் எத்தனை, படி எத்தனை. "எண்ணத் தெரிஞ்சவன் எவனோ கேள்வி எழுதியிருக்கான்டி, படிக்கத் தெரிஞ்சவன் எழுதல" என்றாள்.

எம்டன் கல்வெட்டில்தான் எனக்கே ரத்தம் கொதித்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து குண்டு போட்டது. துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதன் நினைவாக உயர் நீதிமன்ற மதில் சுவரில் ஒரு சின்னக் கல் பதித்திருக்கிறார்கள். தினமும் ஆயிரம் பேர் அதைக் கடக்கிறார்கள், திரும்பிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. கல்பனா கண்ணை மூடிக்கொண்டுகூட அங்கே போய் நிற்பாள். நின்றாள். கல்லின் மேல் கையையும் வைத்துவிட்டாள். செயலி என்ன சொன்னது தெரியுமா? "நீங்கள் இன்னும் இலக்கை அடையவில்லை. 600 மீட்டர் கிழக்கே செல்லவும்." கிழக்கே என்ன இருக்கிறது? துறைமுகம். அதற்கு அப்பால் வங்காள விரிகுடா. கல்வெட்டோடு படம் எடுக்கச் சொல்லிவிட்டு, குறியைக் குண்டு விழுந்த பக்கம் குத்தி வைத்திருக்கிறார்கள். நான் உதவி எண்ணுக்கு அழைத்தேன். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாக, "மேடம், நெட்வொர்க் பிராப்ளமா இருக்கும், ஃபோனை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றது. கல்லை ரீஸ்டார்ட் செய்ய முடியுமா அம்மா?

இதற்கெல்லாம் அப்பன் அடுத்து வந்தது. "கப்பலுக்கு வழிகாட்டி ஓய்ந்தவன் நான். எங்கே நிற்கிறேன்?"

சென்னைக்குக் கலங்கரை விளக்கம் ஒன்றல்ல, நான்கு. 1796-ல் முதலாவது, கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடத்தின் உச்சியில். 1844-ல் இரண்டாவது, இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நிற்கிற கல்தூண். 1894-ல் மூன்றாவது, அதே நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்தில். 1977-ல் நான்காவதாக மெரினாவில் கட்டினார்கள். அது இன்றைக்கும் எரிகிறது. ஆக, ஓய்ந்தது மூன்று. மூன்றில் எது? கல்பனா நிதானமாக யோசித்தாள். 'நிற்கிறேன்' என்கிறான், அப்படியென்றால் தனியாக நிற்கிற தூண்தான் என்றாள். வளாக வாசலுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கியோடு பாதுகாப்புப் படைக்காரர். டீஷர்ட்டைக் காட்டினால் விட்டுவிடுவாரா? "டிரெஷர் ஹன்ட்" என்று சொன்னதும் அவர் எங்களை மேலும் கீழும் பார்த்த பார்வை இருக்கிறதே, விடுங்கள். சாலையிலிருந்தே கோபுரத்தைப் படம் எடுத்து ஏற்றினாள். தவறு. கோட்டை வரைக்கும் போய் அருங்காட்சியகத்தை ஏற்றினாள். தவறு. கடைசியில் பத்து மதிப்பெண்ணை இழந்து துப்புக் கேட்டோம்.

மெரினாவாம்!

எரிந்துகொண்டிருக்கிற விளக்கை ஓய்ந்துவிட்டது என்கிறான். நேரில் வேண்டாம், ஏதாவது ஒரு ராத்திரி கடற்கரைப் பக்கம் போய்த் தலையைத் தூக்கிப் பார்த்தவன்கூட இப்படி எழுத மாட்டான். ஞாயிறு சாயங்காலம் பாரிமுனையிலிருந்து மெரினாவுக்குப் பேருந்தில் போகச் சொல்வது தனிப் பாவம், அதைச் சொல்லி மாளாது. காமராஜர் சாலையில் பேருந்து ஊர்ந்த ஊரலில் போட்டிக்குக் கொடுத்த மூன்று மணி நேரமும் கரைந்துபோனது. வழியெல்லாம் கல்பனா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத கல்பனாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜெயித்தது யார் என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். விளம்பரதாரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பின்தொடர்ந்தால் ஐம்பது மதிப்பெண். ரீல் போட்டால் இன்னும் ஐம்பது. கட்டடத்தைக் கண்டுபிடித்தால் இருபது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் பரிசு வாங்கிய இரண்டு பிள்ளைகளும் பாவம், நல்ல பிள்ளைகள். மேடையில் மைக்கைக் கொடுத்து எந்த இடம் பிடித்தது என்று கேட்டதற்கு, "பந்தல் பக்கத்துல செல்ஃபி பூத்" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்களைப் பாரிமுனைக்கு அனுப்பாமலே ஜெயிக்க வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் பர்மா பஜார் வழியாக இரண்டு தடவை ஓடினோம். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய நம் ஜனங்கள் அறுபதுகளின் கடைசியில் போட்ட கடைகள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸும் வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா சூப்பும் அந்தப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில்தான் கிடைக்கும். ஒரு கேள்வி உண்டா அதைப் பற்றி? கல்பனா ஒரு வண்டியைப் பார்த்து நின்றாள். நான்தான் நேரம் ஓடுகிறது என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று டீஷர்ட்டின் முதுகில் அச்சடித்துவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைக் காட்டிக் கத்துகிற செயலி. நின்று பார்க்கிறவனுக்கு அபராதம், பார்க்காமல் ஓடுகிறவனுக்குப் பரிசு.

ராத்திரி மின்னஞ்சல் வந்தது. எங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டிருந்தார்கள். ஒரு நட்சத்திரம் போட்டு, இது அத்தனையையும் எழுதி அனுப்பினேன். கருத்துக்கு நன்றி, அடுத்த ஆண்டு சந்திப்போம் என்று உடனே பதில் வந்தது. மனிதர் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை ஐயா. டீஷர்ட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கள் இரண்டு பேருக்குமே பத்தவில்லை. அந்தக் கேள்விக்கு விடை மூன்று, அதில் மெரினா இல்லை என்று மட்டும் திருத்துங்கள். கல்பனாவுக்குச் சேர வேண்டிய இருபது மதிப்பெண்ணைப் போட்டுவிடுங்கள். துப்புக்குப் பிடித்த பத்தையும் சேர்த்து. காலையில் நான் பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே அதைப் பற்றிப் பேச ஃபோன் வந்துவிடுகிறது, என்னால் முடியவில்லை.